ஏழாவது வரியில் ஒரு கையெழுத்து

கையெழுத்தைப் போட்டு முடித்து, பேனாவையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வெண்டல் ஹாஸ்கின்ஸ் கேட்டான்:

“ஆமா, இது எதுக்கு?”

மஞ்சள் மழைக்கோட்டுப் பெண்மணி கையெழுத்துத் தாள் செருகிய அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சூப்பர் மார்க்கெட் வாசலில் காலையிலிருந்து நின்றதில் அவள் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கால் மாற்றி நின்றாலே சளக் சளக் என்றது. அந்தச் சத்தத்துக்கு மனமிரங்கித்தான் வெண்டல் கையெழுத்தே போட்டான்.

“சுத்தச் சமையலறை மசோதா சார். இது சட்டமாச்சுன்னா, வீட்டு அடுப்புல செஞ்ச ஜாம், ஊறுகாய் எதையும் யாரும் வெளியில விக்க முடியாது.”

“ஜாமா?”

“ஜாம்தான் பட்டியல்லயே முதல்ல இருக்கு. மூணாம் பக்கம்.”

வெண்டல் கடைக்குள் எட்டிப் பார்த்தான். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான், நனைய வேண்டாமே என்று மனைவி டோரீனை இதே வாசலில் இறக்கிவிட்டு, பிக்கப் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். அவள் இப்போது உள்ளே சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தாள். ஜாம் காய்ச்சுவதற்கு. வெளியில் விற்பதற்கு.

எங்கள் ஒரிகான் மாநிலத்தில் சட்டம் போடச் சட்டமன்றத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மனதில் ஒரு குறையும், கையில் ஒரு அட்டையும், மழையில் நிற்கத் தெம்புள்ள இரண்டு கால்களும் இருந்தால் போதும். வேண்டிய அளவு கையெழுத்து சேர்ந்துவிட்டால் நவம்பரில் அது ஓட்டுக்கு வரும். பாதிக்கு மேல் பேர் ஆமாம் என்றால் சட்டம். இதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது மட்டும் சில சமயம் மறந்துபோகும்.

“அம்மா, இதை அடிச்சிட முடியுமா?” என்றான் வெண்டல்.

“ஏன் சார்? உங்களுக்குச் சம்மதமில்லையா?” அவள் முகம் வாடியது. “என் தங்கச்சி வீட்டுல, யாரோ வீட்டுல அடைச்சு வித்த பீன்ஸைத் தின்னு மூணு பேர் ஆஸ்பத்திரில கெடந்தாங்க. சட்டமன்றத்துல நாலு வருஷமா கேட்டுப் பாத்தோம். ஒருத்தன் காது குடுக்கல. அப்புறம்தான் நானே தெருவுக்கு வந்துட்டேன். எம்பேரு கானி.”

இதற்கு மேல் ‘முடியாது, அடியுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அந்த ‘முடியாது’தான் வெண்டலுக்கு வாயில் வராது. பிறவிக் குறை. அவன் வீட்டில் மூன்று வாக்குவம் கிளீனர் இருக்கிறது. இரண்டு சர்ச்சில் உறுப்பினன், இரண்டிலும் ஞாயிறு ஒன்பதரைக்குத்தான் பிரார்த்தனை.

“பாவம்மா உங்க தங்கச்சி,” என்றான்.

கானி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். வேகமாகப் போகிறவர்களுக்கான இடது தடத்தில் மெதுவாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அபராதம். அதற்கடுத்தது, ஆற்று நீர்நாய்களுக்குத் தனி ஆணையம். கையெழுத்தை வாபஸ் வாங்கப் போன வெண்டல் இன்னும் இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

டோரீன் நான்கு மூட்டை சர்க்கரையோடு எதிரே வந்தாள்.

“என்ன வெண்டல், பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“ஒண்ணுமில்ல. மழை.”

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

“டோரீன், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்த ஜாம் வேலையே இல்லைன்னா நீ என்ன பண்ணுவ?”

முணுமுணுப்பு நின்றது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏன் கேக்கற?”

“சும்மாதான்.”

“யோசிச்சுப் பாக்கணும்,” என்றாள் டோரீன். குரல் கம்மியிருந்தது.

அது துக்கம் என்று வெண்டல் நினைத்துக்கொண்டான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். இந்த மசோதா சட்டமானால் இவள் உடைந்துபோவாள், அதற்குக் காரணம் தான்தான் என்று தெரிந்தால் இந்த வீட்டில் தனக்கு இடமில்லை. இரண்டையும் நடக்க விடக்கூடாது.

எங்கள் ஊர் ஆல்டர்வில்லில் அந்த ஜாமைத் தெரியாதவர்கள் கிடையாது. நெடுஞ்சாலை ஓரம், அவர்கள் வீட்டு வாசலில், ஒரு மர அலமாரி. அதில் மேரியன்பெர்ரிப் பழ ஜாம் பாட்டில்கள். பக்கத்தில் ஒரு டப்பா. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சர்ச் விருந்தில் டோரீன் கொண்டுவந்த ஒரு பாட்டிலை நக்கிப் பார்த்துவிட்டு வெண்டல்தான் எழுந்து நின்று, “என் பொண்டாட்டி இதை அடுத்த மாசத்துலேருந்து விக்கப் போறா,” என்று அறிவித்தான். டோரீனுக்கே அப்போதுதான் தெரியும். முதல் வருடம் பன்னிரண்டு பாட்டில். இப்போது ஆயிரத்துச் சொச்சம். பத்தொன்பது வருடத்தில் ஒரு ஆர்டரைக்கூட அவள் திருப்பி அனுப்பியதில்லை.

வெண்டல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கோடை விடுமுறை விட்ட மறுநாளே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் போய் நின்றான்.

அங்கே தெல்மா ரிக்ஸ் இருபத்திரண்டு வருடமாகக் கையெழுத்து பார்க்கிறாள். மனுவில் இருக்கும் கையெழுத்தையும் வாக்காளர் அட்டையில் இருக்கும் கையெழுத்தையும் ஒப்பிட்டு, சரி, சரியில்லை என்று குறிப்பதுதான் அவள் வேலை. தன் கல்யாணப் பத்திரத்தில் மாப்பிள்ளை போட்ட கையெழுத்தையே இரண்டு முறை சரிபார்த்தவள் என்று ஊரில் சொல்வார்கள்.

“ஒரு கையெழுத்தை வாபஸ் வாங்கணும்,” என்றான் வெண்டல்.

“தாள் என் மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். வந்தாச்சு.”

“ஒரே ஒரு கையெழுத்துங்க.”

தெல்மா கட்டைத் தேடி ஒரு தாளை உருவினாள். ஒரு வரி மட்டும் தெரியும்படி மேலே ஒரு ஸ்கேலும் கீழே ஒரு ஸ்கேலும் வைத்து அவன் பக்கம் திருப்பினாள்.

“மத்தவங்க பேரை நீங்க பாக்கக் கூடாது. ஏழாவது வரி. இது உங்க கையெழுத்துதானே?”

“இல்லைன்னு சொன்னா?”

“சொன்னா இது கள்ளக் கையெழுத்து. வாங்கின அம்மாவை விசாரிப்பாங்க. ஜெயிலுக்குக்கூடப் போவாங்க.”

சளக் சளக் என்ற சத்தம் வெண்டலின் காதில் கேட்டது.

“என்னோடதுதான்,” என்றான்.

“தெரியும். அந்த ஹெச்சுக்கு நீங்க போடற சுழி வேற யாருக்கும் வராது.” தெல்மா மேல் ஸ்கேலை லேசாகத் தூக்கித் தன் பக்கமாக எட்டிப் பார்த்தாள். பிறகு வெண்டலைப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதுண்டா?”

“பேசாம என்ன? மழை வருமா வராதான்னு தினமும் பேசறோம்.”

தெல்மா தாளைக் கட்டில் செருகிவிட்டாள்.

“நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான். ஓட்டுக்கு முன்னாடி அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் வாக்காளர் கையேடு அனுப்புதுல்ல, அதுல உங்க வாதத்தை எழுதலாம். கட்டணம் கட்டணும். இல்லைன்னா ஐந்நூறு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க, இலவசமா போடுவாங்க.”

“நான் ஏற்கெனவே ஆதரிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேனே?”

“அது அதுபாட்டுக்கு இருக்கும். ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ஜனங்களே சட்டம் போடறதுல நல்லது என்னன்னா, யாரையும் கெஞ்ச வேண்டாம். கெட்டது என்னன்னா, அப்புறம் யாரையும் திட்டவும் முடியாது.”

ஜூலையில் செய்தி வந்தது. சுத்தச் சமையலறை மசோதாவுக்குப் போதுமான கையெழுத்து சேர்ந்துவிட்டது; நவம்பரில் ஓட்டு. டோரீனிடம் மசோதாவைப் பற்றி மட்டும் சொன்னான். ஏழாவது வரியைப் பற்றிச் சொல்லவில்லை.

“மனசைத் திடப்படுத்திக்கோ டோரீன். ஜாம் விக்கறதையே தடை பண்ணப் பாக்கறாங்க.”

“அப்படியா?” டோரீன் பெர்ரிப் பழங்களை அலசுவதை நிறுத்தவில்லை. “ஜனங்க முடிவு பண்ணினா சரின்னு போக வேண்டியதுதானே. சட்டம்னா சட்டம்தான்.”

எப்பேர்ப்பட்ட மனசு இவளுக்கு என்று வெண்டலுக்குக் கண் கலங்கியது.

“நீ ஒண்ணும் கவலைப்படாத. நான் இருக்கேன்.”

“அதான்,” என்றாள் டோரீன்.

சனிக்கிழமை அட்டையும் பேனாவுமாக அவனும் சூப்பர் மார்க்கெட் வாசலில் போய் நின்றான். சும்மா வருகிறவர்களை மறித்துக் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அங்கே மனுவோடு நின்ற மற்றவர்களுக்கு எழுந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது அவன் வாங்கிய கையெழுத்து நான்கு, போட்டுக் கொடுத்தது பதினொன்று.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. கேட்கத்தானே கூச்சம், கொடுக்க என்ன கூச்சம்?

“டோரீன், குட்டி குட்டியா ஐந்நூறு பாட்டில் ஜாம் வேணும். நம்ம போராட்டத்துக்கு. கையெழுத்துப் போடற ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு.”

“ஐந்நூறா?” டோரீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். “எப்போ?”

“அடுத்த சனிக்கிழமைக்குள்ள முடியுமா?”

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு எழுந்து பெரிய பானையை எடுத்தாள்.

அந்த வாரம் எங்கள் ஊரில் அனல் பறந்தது. வெளியில் நிற்க முடியவில்லை, டோரீன் அடுப்படியில் நின்றாள். காய்ச்சினாள், கிளறினாள், ஊற்றினாள், மூடினாள். வியாழக்கிழமை வலது மணிக்கட்டு வீங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு இடது கையால் கிளறினாள். வெண்டல் பாட்டிலுக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டினான். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு லட்சியத்துக்காகப் பாடுபடுவதில் இருக்கிற நிறைவு வேறு எதில் வரும் என்று அவளிடம் இரண்டு முறை சொன்னான்.

இரண்டே நாளில் ஐந்நூறு பாட்டிலும் போயிற்று. ஐந்நூறு கையெழுத்தோடு தெல்மா முன்னால் போய் நிமிர்ந்து நின்றான்.

“அசத்திட்டீங்களே. எப்படிச் சேர்த்தீங்க?”

வெண்டல் சொன்னான். தெல்மா பேனாவை மூடிவிட்டாள்.

“கையெழுத்துக்குப் பதிலா பொருள் குடுத்தா அதுக்குப் பேரு லஞ்சம் வெண்டல். இதை நான் காதுல வாங்கலைன்னு வெச்சுக்கறேன். இந்த ஐந்நூறும் செல்லாது. முதல்லேருந்து ஆரம்பிங்க.”

அவன் தொங்கிய முகத்தோடு வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. குட்டி பாட்டிலை நக்கி முடித்தவர்கள் பெரிய பாட்டிலுக்கு வந்திருந்தார்கள். கையெழுத்து இன்னொரு முறை வேண்டுமென்று வெண்டல் தயங்கித் தயங்கிச் சொன்னதும், “அதுக்கென்னப்பா, தாராளமா,” என்று சிரித்துக்கொண்டே போட்டார்கள். ஒரே வாரத்தில் ஐந்நூற்று முப்பது கையெழுத்து, சுத்தமாக, லஞ்சமில்லாமல். கூடவே எழுநூறு பாட்டிலுக்கு ஆர்டர்.

“பாத்தியா?” என்றான் வெண்டல். “ஜனங்க உன்னைக் கைவிடல.”

“ஆமா, விடமாட்டேங்கறாங்க,” என்றாள் டோரீன்.

இனி வாதத்தை எழுத வேண்டும். இதற்கு டோரீனின் அக்கா மார்லாவைக் கூப்பிட்டான். மார்லா முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நாலு பேரிடம் பேசிப் பழகியவள், எல்லாம் தெரிந்தவள் என்று பெயர். பெயர் வைத்ததும் அவள்தான்.

“எதிர்ப்புப் பக்கத்துல எழுதாத,” என்றாள் எடுத்த எடுப்பிலேயே. “அங்க எல்லாரும் ஒப்பாரி வெச்சிருப்பாங்க. ஒருத்தனும் படிக்க மாட்டான். நீ ஆதரவுப் பக்கத்துல எழுது. கிண்டலா.”

“ஆதரவா? நான் எதிர்க்கறேனே.”

“அதாம்பா கிண்டல். நம்ம மாநிலத்துல காலங்காலமா பண்றதுதானே இது. ‘ஆமாம், இந்த ஜாம்காரியைப் பிடிச்சு உள்ள போடுங்க’ன்னு எழுது. படிக்கறவன் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிச்சிட்டு எதிர்த்து ஓட்டுப் போடுவான்.”

“அது சரியா வருமா மார்லா?”

“என் கடையில சொன்னேன், ரெண்டு பேர் சிரிச்சாங்க.”

அவர்கள் தலை அப்போது அவள் கையில் இருந்ததை வெண்டல் யோசிக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அக்டோபரில் கையேடு ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் வந்து விழுந்தது. அறுபத்தெட்டாம் பக்கத்தில், ஒரு டாக்டரின் வாதத்துக்கும் ஒரு நர்ஸின் வாதத்துக்கும் நடுவில் இப்படி இருந்தது:

‘சுத்தச் சமையலறை மசோதாவை ஆதரியுங்கள். என் மனைவி டோரீன் பத்தொன்பது வருடமாகப் பட்டப்பகலில் ஜாம் விற்று வருகிறாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சர்க்கரை. இப்படிப்பட்டவர்கள் வெளியில் நடமாடினால் நம் குழந்தைகளின் கதி என்ன? நானும் தினமும் பார்க்கிறேன், தடுக்கத் துணியவில்லை. வாக்காளர்களே, நீங்களாவது இந்தப் பெண்ணைத் தடுத்து நிறுத்துங்கள். இப்படிக்கு, வெண்டல் ஹாஸ்கின்ஸ், கணவர்.’

கிண்டலுக்கென்று அச்சில் தனி எழுத்து கிடையாது. டாக்டர் எந்த எழுத்தில் இருந்தாரோ அதே எழுத்தில்தான் வெண்டலும் இருந்தான். மாநிலத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் தாய்மார்கள் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு சர்ச்சிலும் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. கானி மட்டும் போன் செய்தாள்.

“சார், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க பக்கத்துலயே உங்க வாதம்தான் சார் டாப். கட்டின புருஷனே சொல்றான்னா விஷயம் இல்லாமலா இருக்கும்னு எல்லாரும் பேசிக்கறாங்க. கருத்துக்கணிப்புல நம்ம பக்கம் ஏறிடுச்சு.”

“ரொம்ப சந்தோஷம்மா,” என்றான் வெண்டல். வேறு என்ன சொல்வது?

பயந்துகொண்டே சமையலறைக்குப் போனான். டோரீன் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

“நல்லா எழுதியிருக்க வெண்டல். அதுவும் அந்தக் கடைசி வரி. ‘இந்தப் பெண்ணைத் தடுத்து நிறுத்துங்கள்.’ ரொம்ப அழகா வந்திருக்கு.”

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். உள்ளுக்குள் நொறுங்கிப்போனவள் வெளியில் எப்படி நடிக்கிறாள் பார் என்று வெண்டல் அன்று சாப்பிடவே இல்லை.

அந்த வாரமே போர்ட்லாண்டிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். வெண்டல் கேமரா முன்னால் நின்று, தான் எழுதியது கிண்டல் என்று விளக்கினான். எது கிண்டல், எங்கே கிண்டல் என்று கேட்டார்கள். அவனால் இடத்தைக் காட்ட முடியவில்லை. விட்டுவிட்டு டோரீனிடம் போனார்கள்.

“உங்க கணவரே உங்களைத் தடுத்து நிறுத்தணும்னு சொல்றாரே, நீங்க என்ன சொல்றீங்க?”

டோரீன் மணிக்கட்டுக் கட்டை நீவிவிட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

“அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும்.”

அன்று மாலைச் செய்தியில் அந்த ஒரே வாக்கியத்தை மூன்று முறை போட்டார்கள். ஒரிகானே உச்சுக் கொட்டியது. கையில் கட்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, இப்படிப்பட்ட புருஷன், அப்போதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனைவி. தபால்காரர் கடிதங்களைப் பெட்டியில் போட முடியாமல் சாக்கில் கொண்டுவந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் ஆறுதல், ஒவ்வொரு கடிதத்திலும் ஆர்டர். டோரீன் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. உறைய வைத்திருந்த பெர்ரியெல்லாம் வெளியே வந்தது.

வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. எங்கள் வழக்கப்படி சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நிரப்பினார்கள். வெண்டல் ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழுத்திக் கறுப்படித்து, அவள் பார்க்கட்டும் என்று சீட்டை நடு மேசைக்கே தள்ளி வைத்தான். டோரீன் பரீட்சை எழுதுகிறவளைப் போலக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“என்கிட்டயுமா மறைக்கற?”

“ரகசிய ஓட்டுன்னுதானே சொல்றாங்க,” என்று சொல்லிவிட்டு உறையை ஒட்டினாள்.

நவம்பரில் முடிவு வந்தது. சுத்தச் சமையலறை மசோதா தோற்றது. சும்மா இல்லை, மண்ணைக் கவ்வியது. நீர்நாய் ஆணையம் மட்டும் ஜெயித்தது.

மறுநாள் காலை ஜாம் அலமாரியைச் சுற்றி ஊரே கூடியது. மார்லா, எல்லாம் தன் யோசனை என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெண்டலோடு பேசாமலிருந்தவர்கள்கூட மனமிளகி, திருந்திய ஆள் என்று தோளில் தட்டினார்கள். டோரீன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெண்டல் ஒரு பெட்டிமேல் ஏறினான்.

“எல்லாருக்கும் நன்றி. நீங்க காட்டின அன்புக்கு நாங்க என்ன செய்யப் போறோம்? அடுத்த வருஷம் ரெண்டாயிரம் பாட்டில். டோரீனுக்காக நாப்பது லிட்டர் பானை ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன். அவளுக்கே இப்பத்தான் தெரியும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். டோரீன் கையிலிருந்த பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பெட்டியிலிருந்து இறங்கும்போதுதான் வெண்டல் அதைப் பார்த்தான். சாலையைக் கடந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வந்துகொண்டிருந்தது. நேராக அலமாரியை நோக்கி.

ஆறு மாதமாகக் கட்டிக் காப்பாற்றிய ரகசியம், ஜெயித்த நாளிலா உடைய வேண்டும்? வெண்டல் ஓடினான். பாதிச் சாலையிலேயே கானியை மறித்தான்.

“அம்மா, தோத்ததுல எனக்கும் வருத்தம்தான். நெசமா வருத்தம்.”

“அதனாலென்ன சார், ஜனங்க சொல்லிட்டாங்க. ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க வீட்டுல டிவி இல்ல, நான் எதையும் பாக்கல; ஆனா இவ்வளவு பேர் சொல்றாங்களே, ருசிதான் பாப்பமே.”

“பத்து பாட்டில் சும்மாவே தர்றேன். ஒரே ஒரு உதவி பண்ணணும். நான் கையெழுத்துப் போட்டேன்னு அதோ அங்க ஸ்டூல்ல உக்காந்திருக்காளே, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் பொண்டாட்டி. தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடுவா.”

கானி நெற்றியில் கையை வைத்து ஸ்டூலைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

“அட, அவங்களா? உங்களுக்கு மேல ஆறாவது வரியில கையெழுத்துப் போட்டதே அவங்கதானே சார். ‘இது சட்டமாயிட்டா, ஜாம் போதும்னு என் வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்ல வேண்டியதில்லைல்ல?’ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் போட்டாங்க.”